ஏசி, சிம்னி, குழாய்: வாடகை வீட்டில் காற்று வழியைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு?

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தண்ணீர் எப்படி, பைக் நிறுத்த இடம் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பார்கள். சுவரில் இருக்கும் ஏசியின் மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பவர் அபூர்வம். அடுப்புக்கு மேலே சிம்னி இருந்தால் சந்தோஷம்; அதன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. குடிபோன சில மாதங்களில் ஏசியிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டும். அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும்: இதற்கு வீட்டுக்காரர் ஆள் அனுப்ப வேண்டுமா, குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

பொதுவான கணக்கு இது. அன்றாடம் புழங்குவதால் சேரும் அழுக்கு குடியிருப்பவர் பாடு. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் இருப்பது, மாட்டும்போதே தப்பாக மாட்டியது, வயதாகித் தேய்ந்தது ஆகிய மூன்றும் வீட்டுக்காரர் பாடு. சொல்ல எளிது. ஆனால் குடிவந்த அன்று அந்த ஏசியும் சிம்னியும் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால், அழுக்கு யாருடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

டக்ட் என்றால் நம் ஊரில் எது?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் குளிர்ந்த காற்றையோ சூடான காற்றையோ தயாரிக்கும். கூரைக்கு மேலும் தரைக்குக் கீழும் ஓடும் தகரக் குழாய்கள் வழியாக அது ஒவ்வொரு அறைக்கும் போய்ச் சேரும். அந்தக் குழாய்தான் டக்ட். வாடகை வீட்டில் அதைச் சுத்தம் செய்வது யார் என்ற கேள்வி அங்கே சாதாரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட வீடுகள் குறைவு. மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கம் வளைகுடாவில் இருப்பவர்கள் கட்டிய சில பெரிய வீடுகளில் பால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் ஏசி இருக்கும். மற்ற வீடுகளில் காற்று வழி என்றால் நான்கு இடங்கள்தான்: ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட், அதன் தண்ணீர் வடியும் குழாய், சமையலறைச் சிம்னியின் புகைக்குழாய், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்.

நம் மாவட்டத்தில் இவை சீக்கிரம் கெட்டுப்போகக் காற்றும் மழையும்தான் காரணம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. இங்கே ஜூன் முதல் இடவப்பாதி மழை என்கிற தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு மழை என்று இரண்டும் உண்டு. காற்றில் ஈரம் குறையவே குறையாத மாதங்கள் அதிகம். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் ஆடிக்காற்றோடு வரும் புழுதி. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே இடைவெளியைச் சொல்லும் சர்வீஸ் அட்டையை அப்படியே நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவுக்கு அரசின் இணையதளம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சமையலறைப் பொருத்துகள், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவருக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பெரிய வயரிங் வேலை தவிர்த்து, மின் சாதனங்களைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் குடியிருப்பவர் பக்கத்தில்தான் வருகிறது. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால், வீட்டுக்காரர் மாட்டிவைத்த எட்டு வருடப் பழைய ஏசியின் கம்ப்ரஸர் போனால்கூட, ‘நீங்கள்தானே பார்க்க வேண்டும்’ என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. அது நியாயமாகத் தோன்றவில்லை என்றால், தப்பிக்க ஒரே வழி ஒப்பந்தம்தான்: ஏசிக்கும் சிம்னிக்கும் தனியாக ஒரு பத்தி எழுதிக்கொள்ள வேண்டும். டக்ட் சுத்தம், ஏசி சர்வீஸ் என்ற சொற்களே அட்டவணையில் இல்லை. எழுதாமல் விட்டால் இரு தரப்பும் தனக்குச் சாதகமாகப் படித்துக்கொள்ளலாம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்னொரு அடிப்படையைத் தருகிறது. வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அதே நிலையில் குடியிருப்பவர் திருப்பித் தர வேண்டும். ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்ல. குளச்சலில் கடலைப் பார்த்த சுவரில் தொங்கும் வெளி யூனிட் துருப்பிடிப்பது இயல்பான தேய்மானம். அதற்காக அட்வான்ஸில் பிடித்தால் மறுத்துப் பேசலாம். இரண்டு வருடம் ஃபில்டரைக் கழுவாமல் காயில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) அடைத்துப் போவது தேய்மானம் அல்ல, அது கவனக்குறைவு.

வீட்டுக்காரர் தன் பொறுப்பில் உள்ள பழுதைச் சரிசெய்ய மறுத்தால், குடியிருப்பவர் தானே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள 2017 சட்டம் இடம் தருகிறது. ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் கழிக்கக் கூடாது. குடியிருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடிக்கலாம். இரண்டிலும் முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த மாதம் வாடகையைக் குறைத்து அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஒத்திக்கு வீடு எடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு உதவாது. மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பதுதான் ஒத்தி, எதில் கழிப்பது? ஆகவே ஒத்திப் பத்திரம் எழுதும்போதே, பெரிய செலவு வந்தால் வீட்டுக்காரர் உடனே கையில் தருவாரா, ஒத்தி திருப்பும்போது சேர்த்துத் தருவாரா என்று குறித்துவிட வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி: மாதம் ஒரு முறை குடியிருப்பவர், வருடம் ஒன்றிரண்டு முறை மெக்கானிக்

உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலை ஃபில்டர்கள் தெரியும். இதைக் கழுவுவது குடியிருப்பவர் வேலை. இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடத் தேவையில்லை. எம்சிபியை (ஏசிக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு வலையை மெதுவாகக் கழற்றுங்கள். தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்பக்கத்திலிருந்து விட்டால் தூசி கண்ணிக்குள் போய் இறுகிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு போதும். வெந்நீர் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். ஃபில்டரின் சட்டகம் வளைந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து தூசி அந்த வழியாகவே காயிலுக்குப் போகும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சாதாரணமாக மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆடிக்காற்று வீசும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

ஃபில்டர் அடைத்தால் நடப்பது இதுதான். காயில் வழியாகப் போகும் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் காயில் தேவைக்கு மேல் குளிர்ந்து பனி பிடிக்கிறது. ஏசியை அணைத்ததும் அந்தப் பனி மொத்தமாக உருகி, கீழே உள்ள தட்டு தாங்காமல் அறைக்குள் வழிகிறது. பார்ப்பவர் ‘கேஸ் குறைஞ்சிட்டு’ என்று முடிவு கட்டுகிறார். கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும் என்பது உண்மைதான். அதனால் முதலில் சுத்தம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் பனி பிடித்தால் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. அது மூடிய சுற்றில் ஓடுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் நிரப்பும் மெக்கானிக்கை மாற்றுவது நல்லது. கசிவும் கேஸும் வீட்டுக்காரர் செலவில் இருப்பதே முறை. ஏனென்றால் செம்புக் குழாய் அரிப்பதற்குக் குடியிருப்பவர் காரணமாக இருப்பது அரிது.

ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காயிலும், அடியில் உருளை வடிவில் சுழலும் ப்ளோவரும் வேறு கதை. ப்ளோவரின் இதழ்களில் கறுப்பாக மாவு போலப் படிந்திருப்பது தூசியும் பூஞ்சையும் கலந்தது. ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை வருவது பெரும்பாலும் இதனால்தான். வாசனை ஸ்பிரே அடித்தால் ஒரு நாள் மறையும், அவ்வளவுதான். வாட்டர் சர்வீஸ் என்று சொல்லப்படும் வேலை இதற்கு வேண்டும். அதில் உள் யூனிட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பை கட்ட வேண்டும், வலப்பக்கம் இருக்கும் சர்க்யூட் போர்டை மூட வேண்டும், தகட்டுச் செதில்களின் போக்கில் மேலிருந்து கீழாகச் சிறு பம்ப் வைத்துத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ப்ளோவரைக் கையால் சுழற்றி இதழ் இதழாகக் கழுவ வேண்டும். தட்டிலும் வடிகுழாயிலும் உள்ள வழுவழுப்பை எடுக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். பத்து நிமிடத்தில் நுரை ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டுப் போவது வாட்டர் சர்வீஸ் ஆகாது.

இந்தச் சர்வீஸுக்கு நேரம் என்றால், தினமும் ஏசி ஓடும் வீட்டில் வருடம் இரண்டு முறை: வெயில் தொடங்கும் முன் பிப்ரவரி வாக்கில் ஒன்று, இடவப்பாதி மழை முடிந்த பின் ஒன்று. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் போடாமல் வைத்த ஏசிதான் அதிகம் நாறும். யார் கொடுப்பது? குடிவருவதற்கு முந்தைய சர்வீஸ் வீட்டுக்காரருடையது, அதற்குப் பிறகு குடியிருக்கும் காலத்தில் வருவது குடியிருப்பவருடையது என்று பிரிப்பதே நியாயம். சென்றவர் விட்டுப்போன பூஞ்சையை வந்தவர் தலையில் கட்டக் கூடாது.

தண்ணீர் சொட்டும் விஷயத்தில் இன்னொரு தகராறு உண்டு. வடிகுழாய் அடைத்தால் குடியிருப்பவர்; குழாயின் சாய்வே தப்பு என்றால் வீட்டுக்காரர். எது என்று கண்டுபிடிக்க அரை லிட்டர் தண்ணீர் போதும். ஏசியை அணைத்து, மெக்கானிக் மூடியைக் கழற்றியிருக்கும்போது தட்டில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். வெளியே ஒழுங்காகக் கொட்டினால் குழாயில் குறை இல்லை. தேங்கி நின்றால், வெளியிலிருந்து ஊதியோ உறிஞ்சியோ அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். அப்போதும் தேங்கினால் யூனிட்டே எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது, அல்லது சுருள் குழாய் நடுவில் மேலே ஏறி இறங்குகிறது. அது மாட்டியவரின் தவறு. மாட்டச் சொன்னவர் செலவு. மெக்கானிக்கிடம் பில்லிலேயே ‘வடிகுழாய் சாய்வு தவறு’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் நூறு வார்த்தை பேசுவதைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

வெளி யூனிட்டுக்குக் கடலோரத்தில் தனிக் கவனம் வேண்டும். எட்டும் உயரத்தில் இருந்தால் மாதம் ஒரு முறை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் செதில்களை அலசினால் உப்பு சேராது. கடலோரப் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். உப்பைக் கழுவப்போய் உப்பையே பூசியதாகும். இரண்டாம் மாடிச் சுவரில் ஸ்டாண்டில் தொங்கும் யூனிட்டைக் குடியிருப்பவர் எட்டித் தொட முயல வேண்டியதில்லை. துருப்பிடித்த ஸ்டாண்டை மாற்றுவது சந்தேகமில்லாமல் வீட்டுக்காரர் வேலை. விழுந்தால் கீழே போகிறவர் தலைக்கு ஆபத்து. பல்லியும் எறும்பும் வெளி யூனிட்டின் மின்பெட்டிக்குள் புகுந்து ஷார்ட் ஆவதும் இங்கே அடிக்கடி நடப்பதுதான். அதை யாருடைய தவறென்றும் சொல்ல முடியாது; செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வது வழக்கம்.

சிம்னி: வலை குடியிருப்பவருக்கு, குழாய் வீட்டுக்காரருக்கு

சமையலறைச் சிம்னியில் அடைப்பு என்பது தூசி அல்ல, எண்ணெய். தேங்காய் எண்ணெயில் மீன் பொரிக்கும் வீட்டில் ஆவியோடு மேலே போகும் எண்ணெய்த் துளிகள் முதலில் வலையில் படியும். வலை தப்பவிட்டது குழாயில் படியும். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி, நாளடைவில் தார் போல இறுகும். அடுப்பில் சட்டி தீப்பிடித்தால் சுடர் மேலே இழுக்கப்பட்டு இந்தப் பிசுக்கில் பற்றக்கூடும். ஆகவே சிம்னி சுத்தத்தை வெறும் அழகுக்கான வேலை என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்டீல் தகடு அடுக்கிய வலையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழற்றி, கொதிக்கும் நீரில் சலவை சோடா இரண்டு கைப்பிடி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அலுமினிய வலை என்றால் சோடா வேண்டாம், கறுத்துப்போகும். சோப்பும் வெந்நீரும் மட்டும். வலையே இல்லாத சிம்னியில் அடியில் ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அது நிரம்பி வழியும் முன் கொட்ட வேண்டும். இதெல்லாம் குடியிருப்பவருடைய வேலை.

‘ஆட்டோ க்ளீன் சிம்னிதானே, கழுவ வேண்டாம்’ என்று வீடு காட்டும்போது சொல்வார்கள். அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் மோட்டார்ப் பகுதியைச் சூடாக்கி எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் வடிக்கும். குழாய்க்குள் அது எதையும் செய்வதில்லை.

குழாய் விஷயத்தில் குறை பெரும்பாலும் கட்டும்போதே நடந்திருக்கும். சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் 6 அங்குலம் இருக்க வேண்டும். கொத்தனார் சுவரில் 4 அங்குலத் துளை போட்டு, குழாயை நெரித்துச் செருகியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் புகை போகாது. 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் போனால் இழுவை நன்றாகவே குறையும். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயை முழுக்க இழுத்து நீட்டாமல் சுருட்டி வைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். வெளிமுனை உள்முனையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடவப்பாதி மழைத் தண்ணீர் குழாய் வழியாக அடுப்பில் விழும். சிம்னிக்கும் அடுப்புக்கும் இடைவெளி சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். இவை எல்லாம் வீட்டுக்காரர் திருத்த வேண்டியவை.

இழுவையைச் சோதிக்க ஒரு டிஷ்யூ காகிதம் போதும். நடு வேகத்தில் வலைக்கு அடியில் பிடித்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டாவிட்டால் வலையைக் கழற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள். இப்போது நன்றாக இழுத்தால் குற்றம் வலையில். இன்னும் இழுக்காவிட்டால் குழாயிலோ வெளிமுனையிலோ. வெளிமுனைக்குப் போய்ப் பார்த்தால் பாதி நேரம் காரணம் கண்ணுக்கே தெரியும்: அணில் தேங்காய் நார் கொண்டுவந்து அடைத்த கூடு, குளவிக் கூடு, எண்ணெய் பிடித்துத் திறக்காமல் ஒட்டிக்கொண்ட மூடி. மூடிக்குக் கம்பி வலை போட்டு வைக்காதது வீட்டுக்காரர் தவறு. கூட்டில் குஞ்சு இருந்தால் சில வாரம் பொறுத்து எடுப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கலாம்.

அடுக்குமாடி வீடுகளில் சில நேரம் எல்லா வீட்டுச் சிம்னிக் குழாயும் ஒரே குழாய்ச் சந்தில் போய் முடியும். கீழ் வீட்டு மீன் வாடை மேல் வீட்டுக் குளியலறைக்கு வரும். அதைக் குடியிருப்பவரால் தீர்க்க முடியாது. வீட்டுக்காரர் மூலமாக அசோசியேஷனிடம் போக வேண்டிய விஷயம்.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறக்கையையும் மூடியையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துடைப்பது குடியிருப்பவர். மோட்டார் எரிந்தால் ஒப்பந்தப்படி.

டக்ட் ஏசி உள்ள பெரிய வீடுகள்

பால்ஸ் சீலிங்கில் வரிசையாகச் செருகிய கிரில்கள் இருந்தால் அது டக்ட் ஏசி. காற்றை உள்ளே இழுக்கும் பெரிய கிரில்லுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவுவதும் கிரில்களைத் துடைப்பதும் குடியிருப்பவர். அதற்கு அப்பால் சீலிங்குக்குள் இருக்கும் எதிலும் அவர் கை வைக்கக் கூடாது.

குழாயைச் சுத்தம் செய்யக் காலக்கணக்கு கிடையாது. வருடா வருடம் செய்தே ஆக வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கருத்து வேறு: டக்ட் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்கப்படுகிறது என்று நிரூபிக்கப்படவில்லை, கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை, எலி அல்லது பூச்சி, கிரில் வழியாக அறைக்குள் கொட்டும் அளவுக்குத் தூசி ஆகிய நிலைகளில் செய்தால் போதும். நம் ஈரக் காற்றுக்கு முதலாவதுதான் அதிகம் பொருந்தும். கிரில்லைக் கழற்றி, கைப்பேசியை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டுப் படமெடுங்கள். வெறும் சாம்பல் தூசி மெல்லிய படலமாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கறுப்புப் புள்ளிகள், ஈர வட்டம், சீலிங்கில் மஞ்சள் கறை இருந்தால் குழாயின் மேலுறை கிழிந்து வியர்க்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்குள் பூஞ்சை திரும்பி வரும். பஞ்சு போன்ற உறை நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் அதைக் கழுவ முடியாது. வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். இந்தச் செலவு முழுக்க வீட்டுக்காரருடையது.

ஆள் வைத்துச் செய்யும்போது, பெரிய உறிஞ்சும் இயந்திரத்தைக் குழாயோடு இணைத்து, மற்ற கிரில்களை ஒட்டி மூடி, சுழல் பிரஷ் விட்டுத் தூசியை இயந்திரத்தின் பக்கம் தள்ள வேண்டும். காயிலையும் தண்ணீர்த் தட்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரை கிரில்லில் வைத்து எடுத்துவிட்டு முடிந்தது என்றால், தூசி உள்ளே கலைந்ததுதான் மிச்சம்.

எழுதிக்கொள்ள வேண்டியது

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி போதும்: ‘வீட்டில் உள்ள ஏசி இரண்டும் சிம்னி ஒன்றும் சர்வீஸ் செய்து, ஓடும் நிலையில் ஒப்படைக்கப்படுகின்றன. ஃபில்டர், வலை ஆகியவற்றைச் சுத்தம் செய்வதும் வருடம் ஒரு முறை வாட்டர் சர்வீஸ் செய்வதும் வாடகைதாரர் பொறுப்பு. கேஸ் கசிவு, கம்ப்ரஸர், சர்க்யூட் போர்டு, சிம்னி மோட்டார், சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் உள்ள குழாய்கள், வெளி யூனிட் ஸ்டாண்டு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. கவனக்குறைவால் வந்த பழுது என்று மெக்கானிக் எழுத்தில் சொன்னால் மட்டும் வாடகைதாரர் செலவு.’ வருடம் ஒரு முறையா இரண்டு முறையா என்பதை வீடு இருக்கும் இடத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

சாவி வாங்கும் அன்று வீட்டுக்காரரோ அவர் ஆளோ பக்கத்தில் இருக்கும்போதே ஏசி ஒவ்வொன்றையும் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் பத்து டிகிரி அளவில் வித்தியாசம் இருந்தால் சரி. ப்ளோவர், ஃபில்டர், சிம்னி வலை, குழாயின் வெளிமுனை, வெளி யூனிட் ஐந்தையும் படமெடுத்து அன்றே வாட்ஸ்ஆப்பில் அவருக்கு அனுப்புங்கள். அனுப்பிய தேதி தானாகவே பதிவாகிவிடும்.

வீட்டுக்காரர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்து, சாவி அவருடைய மாமாவிடம் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. மாமாவிடம் வாயால் சொன்னது வீட்டுக்காரர் காதுக்குப் போகும்போது வேறாக மாறியிருக்கும். ஆகவே இருவருக்கும் சேர்த்தே எழுதுங்கள்: ‘அண்ணே, படுக்கையறை ஏசியில் தண்ணீர் சொட்டுது. மெக்கானிக் பாத்துட்டு வடிகுழாய் சாய்வு தப்புன்னு பில்லில் எழுதியிருக்கார், படம் அனுப்பியிருக்கேன். செலவு இவ்வளவு ஆகுமாம். சனிக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா அவரையே வச்சுச் செஞ்சிரலாம்.’ என்ன பழுது, யார் சொன்னது, எவ்வளவு, எப்போதைக்குள் பதில் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. வேலைக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்; சர்வீஸ் தகராறுக்காகக் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.

குடியிருப்பவர் சொந்த ஏசி கொண்டுவந்து மாட்டுவதாக இருந்தால் கணக்கு தலைகீழ். ஏசிக்குத் தேவையான தனி வயரும் எம்சிபியும் சுவரில் முன்பே இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அதை யார் போடுவது என்று பேசி, துளை போட எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். காலி செய்யும்போது அந்த மூன்று அங்குலத் துளையைச் சிமென்ட் வைத்து அடைத்து, வெளிப்பக்கம் மழைநீர் இறங்காதபடி பூசி, பெயிண்ட் தொட்டுவிட வேண்டும். காலி செய்யும் வாரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸ் செய்து பில்லை வைத்துக்கொண்டால், சாவி கொடுக்கும்போது அட்வான்ஸில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று பிடிக்க இடமிருக்காது. சட்டப்படி நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை பில்லோடு கேட்டு வாங்குங்கள்.